குடலும் பகுத்தறிவும்

(கல்லாவியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய தினம் நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் வயிற்றைப் பற்றியது. மோட்சத்தைப் பற்றிப் பேசுவதென்றால் கேட்பதற்கு ஜனங்கள் திரளாகக் கூடுவார்கள். குடலையும் மலத்தையும் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் சிலர் மூக்கைப் பிடித்துக் கொண்டு எழுந்து போய்விடவும் கூடும். ஆனால் மோட்சத்திற்குப் போய்த் திரும்பி வந்தவர் ஒருவரையும் நாம் கண்டதில்லை. பேதியால் துவண்டு போன குழந்தையை மடியில் போட்டுக் கொண்டு ராத்திரி முழுதும் விழித்திருந்த தாய்மார்களோ இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பார்கள். ஆகவே காணாததை விட்டுவிட்டுக் கண்டதைப் பற்றிப் பேசுவோம்.

ஒரு வீட்டில் குழந்தைக்கு வயிறு கெட்டுவிட்டது என்றால் யோசனை சொல்ல நான்கு பேர் வருகிறார்கள். ஒருவர் தொக்கம் எடுக்கிறவர். தின்றது எதுவோ உள்ளே சிக்கிக் கொண்டிருக்கிறது, எடுத்துவிடுகிறேன் என்பார். இரண்டாமவர் டாக்டர் சீட்டு இல்லாமலே மாத்திரை கொடுக்கிறவர். மூன்றாமவர் விளம்பரக்காரர். நல்ல கிருமிகள் 500 கோடி இந்த ஒரு மாத்திரைக்குள் இருக்கின்றன என்பார். நான்காமவர் முன்னோர் பெருமை பேசுகிறவர். இதெல்லாம் நம் பாட்டனுக்கும் முப்பாட்டனுக்கும் அன்றே தெரியும் என்பார். இந்த நால்வர் பேச்சிலும் உண்மை எவ்வளவு, புரட்டு எவ்வளவு என்று தராசில் போட்டுப் பார்ப்பதுதான் இன்று நம் வேலை. இந்த நால்வரில் ஒருவராவது, இந்த வீட்டுத் தட்டில் தினம் என்ன விழுகிறது என்று கேட்பதில்லை என்பதை மாத்திரம் இப்பொழுதே கவனித்துக் கொள்ளுங்கள்.

குடலில் குடியிருப்போர்

கிருமி என்றால் வியாதி என்றே நாம் பழகிவிட்டோம். அது பாதி உண்மைதான். நம் பெருங்குடலில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள், அதாவது பாக்டீரியாக்கள், ஓயாமல் குடியிருக்கின்றன. 2016-ஆம் ஆண்டில் இஸ்ரேல் தேசத்து வெய்ஸ்மன் விஞ்ஞான நிலையத்தார் போட்ட கணக்கின்படி, ஒரு மனிதன் உடம்பில் இவை சுமார் 38 லட்சம் கோடி. மனிதனுடைய சொந்த அணுக்களே சுமார் 30 லட்சம் கோடிதான். இத்தனை கூட்டமும் சேர்ந்து எடை போட்டால் 200 கிராம் அளவுதான் வரும்.

இவை சும்மா குடியிருக்கவில்லை, வாடகை கொடுக்கின்றன. கேழ்வரகின் உமிச்சத்து, பயற்றின் தோல், கீரையின் நார் முதலியவற்றை நம் குடலின் நீர்கள் கரைக்க முடியாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கே இந்தக் கிருமிகள் அவற்றைப் புளிக்க வைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்களே பெருங்குடலின் சுவருக்கு ஆகாரம். அவையே உப்பையும் தண்ணீரையும் உடம்பு திரும்ப இழுத்துக் கொள்ள உதவுகின்றன. மேலும் நல்ல கூட்டம் இடத்தை அடைத்துக் கொண்டிருப்பதால் கெட்ட கிருமி வந்து காலூன்றுவது கஷ்டமாகிறது.

இந்த விஷயத்தில் ஜாதி ஏதாவது உண்டா என்று கேட்கிறோம். மூன்று வேளை முழுகி, மடியாகச் சமைத்து, தனியே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் குடலிலும் லட்சம் கோடிக் கணக்கில் கிருமிதான். அவர் தீட்டென்று தள்ளி வைத்தவர் குடலிலும் அதேதான். பிறப்பில் இல்லாத வித்தியாசம் தட்டில் இருக்கிறது. அதற்கு ருஜுவும் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பரிசோதனையில், அமெரிக்காவில் வசிக்கும் கருப்பு இனத்தார் 20 பேருக்குத் தென்னாப்பிரிக்கக் கிராமத்து நார் நிறைந்த சாப்பாட்டையும், அந்தக் கிராமத்தார் 20 பேருக்கு அமெரிக்காவின் கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த சாப்பாட்டையும் இரண்டு வாரத்திற்கு மாற்றிக் கொடுத்தார்கள். அந்த இரண்டே வாரத்தில் அமெரிக்கக்காரர்களின் குடற்சுவரில் வேக்காடு தணிந்தது. கிராமத்தார் குடலில் புற்றுநோய்க்கு வழி செய்யும் குறிகள் ஏறின. இரத்தம் அதே இரத்தம், பிறவி அதே பிறவி. மாறியது சோறு ஒன்றுதான்.

தொக்கம்

இனி முதல் ஆளிடம் வருவோம். என்றைக்கோ தின்ற பழத் துண்டு அப்படியே கெடாமல் குழந்தையின் வயிற்றில் சிக்கியிருப்பதாகவும், தாம் ஊதி அதை வெளியே எடுப்பதாகவும் தொக்கக்காரர் சொல்லுகிறார். இரைப்பையில் ஊறுவது கடுமையான அமிலம். சாப்பிட்ட பண்டம் சில மணி நேரத்தில் அதைவிட்டுக் கீழே இறங்கிவிடும். அப்படியிருக்க, பல நாளைக்கு முன் தின்றது மென்ற அடையாளமும் இல்லாமல் வெளியே வருமானால், அது குழந்தையின் வயிற்றிலிருந்து வந்ததா, எடுத்தவர் வாயிலிருந்து வந்ததா என்று நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

போனால் காசுதானே போகிறது என்று இதை விட்டுவிட முடியாது. பேதியில் குழந்தையைக் கொல்லுவது உடம்பிலிருந்து உப்பும் தண்ணீரும் போய்விடுவதே. தொக்கக்காரர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும் ஒவ்வொரு நாழிகையும் அந்தத் தண்ணீர் போய்க் கொண்டேயிருக்கிறது. 1971-இல் வங்காளத்துப் போனகானில் அகதிகள் முகாமில் காலரா பரவிய போது, ஊசி வழியாக ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துவிடவே, டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வழியாகவே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு 30 என்ற சாவு 4-க்கும் கீழே இறங்கியது. மந்திரம் ஒன்றும் ஓதவில்லை. அதுதான் இன்று நீங்கள் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என்று ஆஸ்பத்திரியில் வாங்குவது.

அதற்கு அடுத்த படியை ஏறினவர்கள் நமக்குப் பக்கத்தில் வேலூரில் இருக்கிறார்கள் என்பதைப் பெருமையுடன் சொல்லலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய கூட்டாளிகளும், காலரா கண்ட 48 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவாருக்கு வெறும் உப்புச் சர்க்கரை நீர். ஒரு பிரிவாருக்கு அதனுடன் அரிசி மாவு. மற்றொரு பிரிவாருக்கு அதனுடன் சிறுகுடலில் கரையாத ஒருவகை மக்காச்சோள மாவு. அந்த மாவு பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகளுக்கு இரையாகி அமிலமாகும். அமிலம் உப்பையும் நீரையும் உள்ளே இழுக்கும் என்பதே அவர்கள் எண்ணம். வெறும் நீர் குடித்தவர்களுக்குச் சராசரி 91 மணி நேரம் நீடித்த பேதி, கரையாத மாவு சேர்த்துக் குடித்தவர்களுக்குச் சுமார் 57 மணி நேரத்தில் நின்றது. இது 2000-ஆம் ஆண்டில் உலகத்து டாக்டர்கள் படிக்கும் பத்திரிகையில் வெளிவந்தது. குடலில் குடியிருப்போருக்குச் சோறு போட்டால் அவர்கள் நம்மைக் காப்பாற்றுவார்கள் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் இதைக் கேட்டுவிட்டு வீட்டிலே கண்ட மாவைக் கலந்து கொடுத்துவிடாதீர்கள். பொட்டலத்தின் மேல் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கலந்து கொடுங்கள். அதுவே குழந்தையைக் காப்பாற்றப் போதும்.

சீட்டில்லாத மாத்திரை

இரண்டாவது ஆளைப் பற்றி. குழந்தைகளின் பேதியில் பெரும்பகுதி வைரஸ் என்னும் கிருமியால் வருவது. ஆண்டிபயாடிக் மருந்து வைரஸை ஒன்றும் செய்யாது. அது கொல்லுவது பாக்டீரியாவை. அப்படியானால் பேதிக்காரக் குழந்தைக்கு அதைக் கொடுத்தால் என்ன ஆகும்? களை முளைக்காத வயலில் களைக்கொல்லி அடித்தது போலாகும். களை சாகாது, ஏனென்றால் அங்கே களை இல்லை, பயிர்தான் கருகும். மலத்தில் இரத்தம் கண்டாலும், காலரா போன்ற வியாதியானாலும் டாக்டர் பார்த்து அந்த மருந்தைக் கொடுப்பார். அப்பொழுது சொன்ன நாள் முழுதும் சாப்பிட்டே தீர வேண்டும். சீட்டில்லாமல் இவற்றை விற்பது சட்டப்படி குற்றம். 2013-இல் இன்னும் கடுமையான பட்டியலும் போட்டார்கள். சட்டம் காகிதத்தில் இருக்கிறது. மாத்திரை கைக்கு வந்துவிடுகிறது.

இந்த மருந்தால் குடலின் கூட்டம் அழிந்த இடத்தில், கிளாஸ்டிரிடியம் டிபிசில் என்ற ஒரு பொல்லாத கிருமி புகுந்து கொண்டு, ஆளை விடாமல் கழிய வைப்பதுண்டு. 2013-இல் ஆலந்து தேசத்து டாக்டர்கள் இதற்கு ஒரு சிகிச்சையைச் சோதித்தார்கள். அது என்னவென்றால், நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவரின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி, நோயாளியின் குடலில் குழாய் வழியாக விடுவதாகும். 16 பேரில் 15 பேர் குணமடைந்தார்கள். முகம் சுளிக்காதீர்கள்! பசுவின் சாணியையும் மூத்திரத்தையும் பஞ்சகவ்வியம் என்று கையேந்திக் குடிப்பவர்கள் சுளிக்கவே கூடாது. இரண்டிற்கும் வித்தியாசம் என்னவென்றால், ஆலந்துக்காரர்கள் அதைப் புனிதம் என்று சொல்லவில்லை. கொடுத்தவருக்கு வியாதி உண்டா என்று முதலில் சோதித்தார்கள். வேறு மருந்து கொடுத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எண்ணிக்கையை ஊரறியப் போட்டார்கள். நம்மவர்களோ முதலில் கும்பிட்டுவிட்டுப் பிறகும் சோதிப்பதில்லை.

கோடிக் கணக்கு

மூன்றாவது ஆள் விளம்பரக்காரர். இவர் சொல்லுவது முழுப் பொய்யல்ல என்பதால் இவரிடத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும்.

உயிருள்ள கிருமியைச் சாப்பிட்டு ஆரோக்கியம் பெறலாம் என்ற எண்ணத்தைப் பரப்பினவர் அன்றைய ருஷ்ய சாம்ராஜ்யத்தில் பிறந்து பாரிசில் வேலை செய்த மெச்னிகாப் என்ற விஞ்ஞானி. பல்கேரியாவில் புளித்த பாலைச் சாப்பிடுகிறவர்கள் நீண்ட நாள் வாழ்வதாகக் கேள்விப்பட்டு, 1907-இல் அதைப் புஸ்தகமாகவே எழுதினார். 1908-இல் வேறு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசும் பெற்றார். அவர் பெருங்குடலை விஷக் குழி என்று நினைத்தார். லண்டனில் ஒரு பெயர் பெற்ற டாக்டர் மலச்சிக்கலுக்குப் பெருங்குடலையே அறுத்தெடுக்கும் அளவுக்கு அந்தக் காலத்து எண்ணம் போயிற்று. தினம் புளித்த பால் சாப்பிட்ட மெச்னிகாப் 71-ஆவது வயதில் காலமானார். நோபல் பரிசு பெற்றவர் சொன்னதானாலும் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்கே இதைச் சொல்லுகிறோம். பகுத்தறிவுக்கு மகான்களும் இல்லை, வேதமும் இல்லை.

சோதித்ததில் கண்டது என்ன? அனுகூலமானதை முதலில் சொல்லுவோம். ஒரிசாக் கிராமங்களில் டாக்டர் பினாகி பாணிக்கிரகியும் அவருடன் சேர்ந்தவர்களும், தாய்ப்பால் குடிக்கும் 4,500-க்கு மேற்பட்ட பச்சைக் குழந்தைகளில் ஒரு பாதிக்கு, பிறந்த சில நாட்களுக்குள் தொடங்கி ஏழு நாள் ஒருவகை லாக்டோபாசில்லஸ் கிருமியையும் அதற்கு இரையான சர்க்கரையையும் கொடுத்தார்கள். மற்ற பாதிக்கு அது போலத் தோன்றும் வெறும் பொடி. இரத்தத்தில் விஷம் ஏறுவதும் சாவும் நூற்றுக்கு 9 என்பதிலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. 2017-இல் இது வெளியாயிற்று. ஆண்டிபயாடிக் சாப்பிடும் குழந்தைகளுக்கு வரும் பேதியைச் சில இனங்கள் குறைக்கின்றன என்பதும் பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிகிறது.

இனிப் பிரதிகூலம். 2018-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தனித்தனியே பேதி கண்ட குழந்தைகளுக்கு, உலகெங்கும் விலை போகும் கிருமி மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் பொடி சாப்பிட்ட குழந்தைகளுக்கும் மருந்து சாப்பிட்ட குழந்தைகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே ஆண்டில் முன் சொன்ன வெய்ஸ்மன் நிலையத்தார் ஆண்டிபயாடிக் சாப்பிட்டவர்களில் சிலருக்குப் ப்ரோபயாடிக் கொடுத்துப் பார்த்ததில், அதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் அவர்களுடைய சொந்தக் கூட்டம் திரும்பி வரத் தாமதமாயிற்று. சும்மா இருந்தவர்களுக்குச் சீக்கிரம் வந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு இவற்றைக் கொடுப்பதில் உயிராபத்து உண்டென்று அமெரிக்க அரசாங்கத்து மருந்து இலாகா 2023-இல் எச்சரிக்கையும் செய்திருக்கிறது.

ஆகவே கிருமி மருந்து நல்லதா கெட்டதா என்று கேட்பதே தப்பு. எந்தக் கிருமி, எவ்வளவு, எந்த வியாதிக்கு, யாருக்கு என்று கேட்க வேண்டும். 500 கோடி என்றதும் மலைக்காதீர்கள். 38 லட்சம் கோடியில் 500 கோடி என்பது 7,600-இல் ஒரு பங்கு. ஏழாயிரத்து அறுநூறு பேர் குடியிருக்கும் ஊருக்கு ஒரே ஒரு ஆள் புதிதாக வந்து இறங்குகிறான். அவனுக்கு அங்கே சோறு கிடைக்காவிட்டால் எத்தனை நாள் தங்குவான்?

கூழுக்கு வந்த வெட்கம்

அந்தச் சோறு எது என்பதுதான் நம் பேச்சின் மையம். ஐதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனம் 2017-இல் வெளியிட்ட பட்டியலைப் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. சுண்ணாம்புச் சத்து கேழ்வரகில் 364 மில்லிகிராம். அரிசியில் 10-ஐயும் எட்டாது. வளர்ந்த ஒருவருக்குத் தினம் 25 கிராம் நாராவது வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. களியும், கொள்ளும், அவரையும், துவரையும், கீரையும் சாப்பிட்ட வீட்டில் இது தானே வந்துவிடும். காலையில் டீயும் பன்னும், மத்தியானம் வெள்ளைச் சோறு, இரவில் பரோட்டா என்றானவனுக்கு எங்கிருந்து வரும்? இந்தப் பக்கத்திலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் கம்பெனி வேலைக்குப் போய், ஷிப்ட் முடிந்து அகாலத்தில் கடையில் தின்னும் வாலிபர்களையே சொல்லுகிறோம்.

இந்தச் சீமை கேழ்வரகுச் சீமை. பின் ஏன் களி தட்டிலிருந்து போயிற்று? நாக்கு கேட்டுப் போனதல்ல. வெட்கம் விரட்டிப் போனது. நெல்லுச் சோறு பெரிய மனிதர் சோறு, களியும் கூழும் கூலிக்காரன் சோறு என்று நமக்குள் ஏற்றிவிட்டார்கள். சம்பந்தி வீட்டார் வந்தால் கூழ்ப் பானையை ஒளித்து வைத்தோம். பள்ளிக்கூடத்துக்குப் பழையது கொண்டு போன பிள்ளையை மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். மனிதனில் மேல் கீழ் வைத்த அதே புத்திதான் தானியத்திலும் மேல் கீழ் வைத்தது. ஆடி மாதம் வந்தால் மாத்திரம் மாரியம்மன் பேரைச் சொல்லி அண்டா அண்டாவாகக் கூழ் ஊற்றுகிறோம். அம்மனுக்கு ஆகும் கூழ் பதினோரு மாதம் நமக்கு ஆகாமற் போனது எப்படி? இப்பொழுது பட்டணத்துப் பணக்காரர் அதே கேழ்வரகைப் பளபளக்கும் பையில் நாலு மடங்கு விலைக்கு வாங்கும்போது நாம் வாயைப் பிளந்து பார்க்கிறோம். 2023-இல் அரசாங்கமே நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. அந்த வாய்ப்பு வருமிடத்தில் கௌரவம் பார்த்து அரிசியையே கேட்காதீர்கள்.

இது ஏழை சமாதானம் அல்ல. வங்காள தேசத்து டாக்காவில், ஊட்டமில்லாத குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலை மாவு, வேர்க்கடலை மாவு, சோயா மாவு, பச்சை வாழைக்காய் இவற்றைச் சேர்த்து, குடற்கிருமிகளை வளர்க்கவென்றே ஒரு உணவைச் செய்து கொடுத்தார்கள். வழக்கமாகக் கொடுக்கும் ஊட்ட உணவைவிட இதில் சக்தி குறைவு. ஆனாலும் இதைச் சாப்பிட்ட குழந்தைகளே எடையில் நன்றாகத் தேறின. 2021-இல் வெளியான செய்தி இது. இவற்றில் நம் சந்தையில் கிடைக்காத பண்டம் எது?

முன்னோர் பெருமை

இதைக் கேட்டவுடன் நான்காவது ஆள் சந்தோஷமாக எழுந்து நிற்பார். அவரையும் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. முன்னோருக்குக் கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாது. கிடைத்ததைக் கெடாமல் வைக்கப் புளிக்க வைத்தார்கள். அதில் நன்மையும் விளைந்தது. அதே முன்னோர்தான் பிள்ளை பெற்றவளின் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே கொட்டச் சொன்னார்கள். கழுதைப் பாலையும் சர்க்கரைத் தண்ணீரையும் குழந்தையின் வாயில் வைத்தார்கள். தாய்ப்பாலில் குழந்தையால் ஜீரணிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரை இருக்கிறது. அது குழந்தைக்கல்ல, குழந்தையின் குடலிலுள்ள நல்ல கிருமிக்கு வைத்த சோறு என்பது விஞ்ஞானம் கண்டது, சாஸ்திரம் கண்டதல்ல.

புளித்ததெல்லாம் உயிருள்ளது என்பதும் சரியல்ல. இட்லி மாவு புளிக்கும்போது கிருமி உண்டு. ஆவியில் வெந்ததும் செத்துவிடும். மோர்க் குழம்பும் அப்படியே. இட்லி நல்ல ஆகாரம்தான். ஆனால் கிருமிக்காக வேண்டுமானால் தயிர், காய்ச்சாத மோர், மோர் விட்ட கூழ், பழைய சோறு இவைதான். சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி இறுகிச் சிறுகுடலில் கரையாததாகிறது. வேலூரில் கொடுத்த மாவின் வேலையைக் கொஞ்சம் அதுவும் செய்யும். பழைய சோற்றைக் குடல் வியாதிக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியைச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியார் எடுத்துக் கொண்டார்கள். அதுதான் முறை. ஆனால் அசுத்தத் தண்ணீரை ஊற்றி, மூடாமல், நாள் கணக்கில் வைத்த சோறு மருந்தல்ல, விஷம்.

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, இதை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம், சீம்பாலைக் கொட்டாதீர்கள். பேதியானால் ஓ.ஆர்.எஸ். நீரும், ஆஸ்பத்திரியில் கொடுக்கும் துத்தநாக மாத்திரையும், வழக்கமான பாலும் சோறும். பட்டினி போடாதீர்கள். கண் குழிந்தால், இரத்தம் கண்டால், குழந்தை குடிக்க மாட்டாமல் சோர்ந்தால் உடனே டாக்டரிடம். தினம் ஒரு வேளையாவது களியோ கூழோ, ஏதாவது ஒரு பயறு, ஒரு கீரை, ஒரு டம்ளர் மோர். பழையதற்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர், மூடிய பாத்திரம், மறுநாள் காலையோடு சரி. நாருக்குப் பழகாதவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும்.

இவையெல்லாவற்றுக்கும் மேலாக, குழாயில் வரும் தண்ணீர் சாக்கடையோடு கலந்தால் எந்தக் கூழும் காப்பாற்றாது. சுத்தமான தண்ணீரும் கக்கூசும் இல்லாத தெருவில் நல்ல கிருமியைப் பற்றிப் பேசுவது கேலியாகும். அது கோவிலில் நேர்ந்து கொண்டு வருவதல்ல. பஞ்சாயத்தில் கேட்டு வாங்குவது. கும்பாபிஷேகத்துக்கு வீடு வீடாக வசூல் செய்யத் தெரிந்த நமக்கு, தண்ணீர்த் தொட்டி கழுவி எத்தனை நாளாயிற்று என்று கேட்கத் தெரிய வேண்டாமா?

நாம் சொன்னோம் என்பதற்காக இவற்றை ஏற்றுக் கொள்ள வேண்டியதில்லை. யார் சொன்னாலும் எப்படித் தெரியும், யாரிடம் சோதித்தாய், எத்தனை பேர் குணமானார்கள் என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். தொக்கக்காரரையும் கேளுங்கள், மாத்திரைக்காரரையும் கேளுங்கள், நம்மையும் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர் கையில் உங்கள் பிள்ளையின் வயிற்றை ஒப்படைக்காதீர்கள்.